ஒரு லூஸ் டெர்மினல் போதும்... படகின் ஜி.பி.எஸ், எக்கோ சவுண்டரைக் காவு வாங்கும் வோல்டேஜ் எகிறல்! தப்பிப்பது எப்படி?

இரவில் மீன்பிடிக்கும் விசைப்படகுக்குக் கண் எது என்று கேட்டால், இன்றைக்குப் பதில் ஜி.பி.எஸ் என்றுதான் வரும். கடலில் வேலியும் கிடையாது, மைல் கல்லும் கிடையாது. ராமேஸ்வரம் தீவின் முனையான தனுஷ்கோடியிலிருந்து இலங்கையின் தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர் தூரம்தான். நடுவில் 1974-ம் ஆண்டு ஒப்பந்தத்தில் வகுக்கப்பட்ட கடல் எல்லை ஓடுகிறது. நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைச் சொல்வது அந்தச் சின்னத் திரை மட்டும்தான். அது அணைந்துபோனால், எல்லை தாண்டியது தெரியாமலேயே தாண்டிவிட வாய்ப்பிருக்கிறது. அதன் விலை கைது, சிறை, படகு பறிமுதல் வரை போகும் என்பதை மீனவக் குடும்பங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஜி.பி.எஸ் மட்டுமல்ல. கடலின் ஆழத்தையும் மீன் கூட்டத்தையும் காட்டும் எக்கோ சவுண்டர், ஆபத்தில் குரல் கொடுக்க உதவும் வி.எச்.எஃப் வயர்லெஸ் என்று படகில் எலெக்ட்ரானிக்ஸ் கருவிகள் கூடிக்கொண்டே போகின்றன. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவே இல்லை. தகவல் தொடர்பு எவ்வளவு முக்கியம் என்பதைத் தமிழகம் மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிராவின் பால்கரில் மத்திய அரசு தொடங்கிவைத்த திட்டத்தின்படி, நாடு முழுவதும் 1 லட்சம் மீன்பிடிப் படகுகளில் செயற்கைக்கோள் டிரான்ஸ்பாண்டர் பொருத்தப்படுகிறது.

கருவிகள் வந்துவிட்டன. ஆனால், அவற்றுக்குக் கரன்ட் கொடுப்பது யார்? பெரும்பாலான விசைப்படகுகளில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் அதே பேட்டரிதான். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

12 வோல்ட் என்பது உண்மையில் 12 அல்ல!

"பேட்டரி வெறும் 12 வோல்ட்தானே... தொட்டால்கூட ஷாக் அடிக்காது. அது எப்படி மெஷினை எரிக்கும்?" என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால், பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் 12 என்பது ஒரு பெயர் மாதிரி. அளந்து பார்த்தால் வேறு கதை.

நாம் பயன்படுத்தும் ஈய-அமில பேட்டரிக்குள் 6 செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். அதனால் முழுதாக சார்ஜ் ஏறி, ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6 முதல் 12.7 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடி ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றும்போது 13.8 முதல் 14.4 வரை போகும். ஸ்டார்ட் செய்யும் அந்தச் சில நொடிகளில் 10 வோல்ட்டுக்கும் கீழே விழலாம்.

இதுவரை சொன்னது எல்லாம் நல்ல நிலையில் இருக்கும் படகின் கணக்கு. கோளாறு வந்தால், இதே 12 வோல்ட் வயரில் கண் இமைக்கும் நேரத்துக்கு 80, 100 வோல்ட் வரைகூட எகிறும். ஜி.பி.எஸ்ஸுக்குள் இருக்கும் சிப்புகள் வேலை செய்வது 3.3 வோல்ட், 5 வோல்ட் போன்ற சின்ன அளவுகளில். 12 வோல்ட்டை அந்த அளவுக்கு இறக்கிக் கொடுக்கும் பகுதி ஓர் எல்லை வரைதான் தாங்கும். அந்த எல்லையைத் தாண்டினால், முதலில் பலியாவது அதுதான். சில சமயம் அதற்குப் பின்னால் இருக்கும் எல்லாமும் சேர்ந்தே போய்விடும்.

இந்தக் கெடுதல் மூன்று வழிகளில் வருகிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வழி 1: ஸ்டார்ட்டர் குடிக்கும் கரன்ட்

டீசல் இன்ஜினைச் சுழற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரே இழுப்பில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கரன்ட்டை உறிஞ்சும். வீட்டில் மோட்டார் போட்டதும் டியூப் லைட் மங்குவதைப் பார்த்திருப்போம். அதே கதைதான். வோல்டேஜ் சட்டென்று இறங்கும். ஜி.பி.எஸ் அணைந்து, மறுபடி தானாக ஆன் ஆகும். அதன்பின் செயற்கைக்கோள்களைத் தேடிப் பிடித்து இடத்தைக் காட்டச் சிறிது நேரம் ஆகும். அதுவரை நாம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. பழைய கருவியாக இருந்தால், பதிவு செய்துவைத்த வழித்தடங்கள் அழிந்துபோகும் ஆபத்தும் உண்டு.

ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் திரை அணைந்து எரிகிறது என்றால், பலர் கருவியைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குறை பேட்டரியில் இருக்கும்; இல்லையென்றால் வயரில் இருக்கும்.

வழி 2: சட்டென்று நிறுத்தினால் எகிறும்

வேகமாகத் தண்ணீர் வரும் குழாயைச் சட்டென்று மூடினால், சுவருக்குள் 'தொம்' என்று ஒரு சத்தம் கேட்கும். ஓடிவந்த தண்ணீருக்குப் போக வழியில்லை. அந்த வேகம் முழுவதும் குழாயின் மேல் மோதுகிறது. மின்சாரத்திலும் இதேதான் நடக்கிறது.

ஸ்டார்ட்டர், ஹாரன், ரிலே, படகின் அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்கும் பம்ப்... இவை எல்லாவற்றுக்குள்ளும் செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. கரன்ட் ஓடும்போது சுருளைச் சுற்றி ஒரு காந்தப்புலம் உருவாகும். சுவிட்சை அணைத்ததும் அந்தக் காந்தப்புலம் சரிந்து, தன்னிடம் இருக்கும் சக்தியை வோல்டேஜாக வயரில் தள்ளும். நிறுத்துவது எவ்வளவு வேகமோ, எகிறுவதும் அவ்வளவு உயரம். 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல் தத்துவம் இது.

பெட்ரோல் வண்டியில் இதை வேண்டுமென்றே பயன்படுத்துகிறோம். இக்னிஷன் காயில் 12 வோல்ட்டை வாங்கி, ஸ்பார்க் பிளக்கில் பொறி பறக்க ஆயிரக்கணக்கான வோல்ட்டாக மாற்றுவது இந்த முறையில்தான். நமக்கு வேண்டிய இடத்தில் நடந்தால் பொறி. வேண்டாத இடத்தில் நடந்தால் சேதம்.

சுருள்கூட வேண்டாம், நீளமான வயரே போதும். ஒரு மீட்டர் வயருக்குச் சுமார் 1 மைக்ரோ ஹென்றி தூண்டல் இருக்கும். 5 மீட்டர் வயரில் ஓடும் 100 ஆம்பியர், ஒரு நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், அந்த வயரில் மட்டுமே 50 வோல்ட் எழும். இந்த எகிறல் எதிர்த் திசையிலும் வரும். பிளஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கணம் மைனஸ் வந்து நிற்கும்.

வழி 3: பேட்டரி கழன்றால்... ஆபத்தின் உச்சம்

பேட்டரிக்கு நாம் கொடுத்திருக்கும் வேலை, கரன்ட்டைச் சேமிப்பது. ஆனால், சத்தமில்லாமல் அது இன்னொரு வேலையும் பார்க்கிறது. வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் ஏரி மாதிரி, வயரில் வரும் ஏற்ற இறக்கத்தை எல்லாம் தனக்குள் உறிஞ்சிக்கொள்கிறது. ஆல்டர்னேட்டர் கூடுதலாகத் தள்ளினால் வாங்கிக்கொள்ளும். குறைந்தால் கொடுத்து ஈடுகட்டும். இன்ஜின் ஓடும்போது உங்கள் ஜி.பி.எஸ் உயிரோடு இருப்பதற்கு முக்கியக் காரணம், பேட்டரி பக்கத்தில் இருப்பதுதான்.

இப்போது இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. பேட்டரி சார்ஜ் குறைந்திருப்பதால், ஆல்டர்னேட்டர் முழு வேகத்தில் கரன்ட்டைக் கொட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து, லூஸாக இருந்த டெர்மினல் ஓர் ஆட்டத்தில் கழன்றுவிடுகிறது. ஏரி காணாமல் போய்விட்டது! வெள்ளம் மட்டும் நிற்கவில்லை. ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் காந்தப்புலம் உடனே அடங்காது. அது தணிய ஒரு நொடியில் பத்தில் சில பங்கு நேரம் ஆகும். அதுவரை உற்பத்தியாகும் கரன்ட் முழுவதும் வயரில் மிச்சம் இருக்கும் கருவிகள் மேல் பாயும். ஜி.பி.எஸ், வயர்லெஸ், எக்கோ சவுண்டர், எல்.இ.டி விளக்கு என எல்லாமே ஒரே நேரத்தில் அடி வாங்கும்.

வாகனத் துறையில் இதற்கு 'லோட் டம்ப்' என்று பெயர். வாகனங்களில் பொருத்தும் கருவிகளைச் சோதிக்கும் ஐ.எஸ்.ஓ 16750-2 என்ற சர்வதேசத் தரம், எந்தத் தடுப்பும் இல்லாத 12 வோல்ட் அமைப்பில் இது 79 முதல் 101 வோல்ட் வரை போகும் என்று எடுத்துக்கொள்கிறது. நேரம் 40 முதல் 400 மில்லி விநாடி. 24 வோல்ட் அமைப்பு என்றால் 151 முதல் 202 வோல்ட்! நமக்கு ஒரு கண் சிமிட்டல். சிப்புக்கு அது ஒரு யுகம்.

புதிய ஆல்டர்னேட்டர்கள் பலவற்றில் இந்த எகிறலைப் பாதியிலேயே அமுக்கும் சிறப்பு டையோடுகள் உள்ளேயே வருகின்றன. அப்படிப்பட்ட அமைப்புகளில் வோல்டேஜ் பெரும்பாலும் 35 அளவோடு நின்றுவிடும். பழைய லாரியிலிருந்து கழற்றி, காயில் சுற்றிப் பொருத்திய ஆல்டர்னேட்டரில் அந்தக் காவல் இருக்கும் என்று நம்பி உட்கார முடியாது.

கடலில் ஏன் அதிகம்?

காரிலும் இதே பேட்டரி, இதே ஆல்டர்னேட்டர்தான். ஆனால், படகுக்கு இரண்டு எதிரிகள் கூடுதல். ஒன்று, அதிர்வு. டீசல் இன்ஜின் மணிக்கணக்கில் அதிர, அலை அடிக்க, இறுக்கமாகப் போட்ட நட்டும் மெல்ல மெல்லத் தளரும். இரண்டாவது, உப்பு. உப்புக் காற்று பட்டுச் செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு ஏறும். பேட்டரி டெர்மினலில் வெள்ளைப் பொடி பூக்கும். பார்க்க வயர் மாட்டியிருப்பது போலவே இருக்கும். உள்ளே பிடிமானம் பாதிகூட இருக்காது. இன்ஜின் அதிர்வில் அந்தப் பிடிமானம் விட்டு விட்டு ஒட்டும்போது, ஒவ்வொரு விடுதலிலும் ஒரு சின்ன எகிறல் பிறக்கும்.

ஒரே அடியில் கருவி செத்தால் காரணம் தெரிந்துவிடும். தினமும் சின்னச் சின்ன அடியாக வாங்கி, ஆறு மாதம் கழித்து நடுக்கடலில் நின்றுபோனால், "சரக்கு சரியில்லை" என்ற பேச்சோடு முடிந்துவிடும். புதிய கருவி வாங்கி, அதே களிம்பு ஏறிய வயரில் மாட்டுவார்கள். கதை மறுபடி தொடங்கும்.

"ஃபியூஸ் போட்டிருக்கோமே, போதாதா?"

போதாது. ஃபியூஸ் கட்டாயம் வேண்டும், ஆனால் அதன் வேலை வேறு. எங்காவது ஷார்ட் ஆகி அளவுக்கு மீறிக் கரன்ட் ஓடினால், ஃபியூஸ் கம்பி சூடாகி உருகி, வயர் தீப்பிடிக்காமல் காப்பாற்றும். சூடாகி உருக அதற்கு நேரம் வேண்டும். வோல்டேஜ் எகிறலோ அதற்குள் வந்து, சிப்பைத் துளைத்துவிட்டுப் போயிருக்கும். எகிறலுக்கு எதிராக ஃபியூஸை மட்டும் நம்புவது, திருடன் போன பிறகு கதவைப் பூட்டுவது மாதிரி.

எகிறலைத் தடுக்கத் தனிக் காவல் வேண்டும். அவை என்னென்ன?

டி.வி.எஸ் டையோடு: பைக் கம்பெனி இல்லை, ஒரு சின்ன எலெக்ட்ரானிக் பாகம். கருவிக்குப் போகும் பிளஸ், மைனஸ் வயர்களுக்கு இடையே இதை இணைப்பார்கள். வோல்டேஜ் சாதாரணமாக இருக்கும்வரை இது இருப்பதே தெரியாது. குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் நொடியில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் திறந்து, அதிகப்படியை எல்லாம் தன் வழியே மைனஸுக்குத் திருப்பிவிடும். இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது அளவு. கடையில் மலிவாகக் கிடைக்கும் 600 வாட் டையோடு, ஏறத்தாழ 1 மில்லி விநாடி நீடிக்கும் எகிறலுக்காகத் தரம் குறிக்கப்பட்டது. லோட் டம்ப் 400 மில்லி விநாடி வரை நீடிக்கக்கூடியது. அதற்கென்றே தயாராகும் பெரிய டையோடுதான் தாங்கும். இதற்கு முன்னால் ஃபியூஸ் இருப்பதும் அவசியம். அளவுக்கு மீறிய அடியில் டையோடு ஷார்ட் ஆனால், ஃபியூஸ் போய் இணைப்பைத் துண்டிக்கும். கருவி பிழைத்துக்கொள்ளும்.

ரிவர்ஸ் டையோடு: ரிலே, சோலனாய்டு, சின்ன மோட்டார் போன்ற சுருள் உள்ள எல்லாவற்றின் இரு முனைகளிலும் ஒரு சாதாரண டையோடைத் தலைகீழாக இணைத்தால், அணைக்கும்போது எழும் சக்தி அங்கேயே சுற்றிக் கரைந்துவிடும். பிறந்த இடத்திலேயே பிரச்னை முடிந்துவிடும். சில ரூபாய்ச் செலவுதான். ஆனால், பிளஸ் மைனஸ் மாறினால் டையோடு எரியும் என்பதால், வேலை தெரிந்தவர்தான் செய்ய வேண்டும்.

தனி பேட்டரி: இருப்பதிலேயே நிம்மதியான வழி இது. ஸ்டார்ட்டருக்கு ஒரு பேட்டரி, கருவிகளுக்கு ஒரு பேட்டரி. இரண்டையும் ஐசொலேட்டர் வழியே சார்ஜ் ஏற்றலாம். ஸ்டார்ட் செய்யும்போது ஜி.பி.எஸ் அணையாது. இன்ஜின் பேட்டரி செத்தாலும் வயர்லெஸ் பேசும். ஆனால், இந்த இரண்டாவது பேட்டரியின் டெர்மினலும் இறுக்கமாக இருக்க வேண்டும். அது கழன்றால் கதை பழையபடிதான்.

டி.சி - டி.சி கன்வெர்ட்டர்: ஒரு பக்கம் ஏறி இறங்கும் வோல்டேஜை வாங்கி, மறுபக்கம் சீரான வோல்டேஜைக் கொடுக்கும் பெட்டி. உள்ளே வரும் பக்கமும் வெளியே போகும் பக்கமும் நேரடியாக ஒட்டாத 'ஐசொலேட்டட்' வகை நல்லது. எவ்வளவு வோல்டேஜ் வரை தாங்கும் என்று பார்த்து வாங்க வேண்டும்.

கருவியின் பின்புற லேபிளையும் படியுங்கள். சில ஜி.பி.எஸ், எக்கோ சவுண்டர் மாடல்கள் 10 முதல் 20 வோல்ட் வரைதான் ஏற்கும். சில மாடல்கள் 32, 35 வரை ஏற்கும். படகில் பொருத்தும் வி.எச்.எஃப் வயர்லெஸ் செட்டுகள் பெரும்பாலும் 13.8 வோல்ட்டுக்கானவை. ஏற்ற இறக்கமாக 15 சதவிகிதம் வரை தாங்கும். அதாவது சுமார் 11.7 முதல் 15.9 வோல்ட். கருவிகளிலேயே சென்சிட்டிவ் ஆனது எது என்று இதிலிருந்தே தெரிந்துவிடும்.

24 வோல்ட் படகுகளில் ஒரு தனி எச்சரிக்கை

பெரிய இன்ஜின் வைத்த படகுகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுப்பார்கள். வயர்லெஸ்ஸுக்கு 12 வேண்டும் என்றால், இரண்டில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் வயர் இழுத்துவிடுவது எளிய வழியாகத் தெரியும். அதைச் செய்யக் கூடாது. ஒரு பேட்டரி மட்டும் தினமும் அதிகம் காலியாகும். சார்ஜ் ஏற்றும்போது மற்றது அளவுக்கு மீறி ஏறும். இரண்டும் சீக்கிரம் சாகும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. அடியில் இருக்கும் பேட்டரியின் மைனஸ் இணைப்பு விட்டுப்போனால், 12 வோல்ட் கருவி தவறான வோல்டேஜில் சிக்கிக்கொள்ளலாம். பிளஸ் மைனஸ் மாறியும் வரலாம். 24-ஐ 12-ஆக மாற்றும் கன்வெர்ட்டர் போடுவதுதான் சரி.

லித்தியம் பேட்டரிக்கு மாறுகிறீர்களா?

எடை குறைவு, ஆயுள் அதிகம் என்று லித்தியம் பேட்டரிகள் பக்கம் பலர் திரும்புகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால், லித்தியம் பேட்டரிக்குள் பி.எம்.எஸ் என்ற காவல் சர்க்யூட் இருக்கிறது. சார்ஜ் அதிகமானாலோ, சூடு கூடினாலோ, அது பேட்டரியை ஒரு நொடியில் துண்டித்துவிடும். பேட்டரியைக் காப்பாற்ற அது எடுக்கும் சரியான முடிவு அது. ஆனால், ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும்போது துண்டித்தால், அதுவும் டெர்மினல் கழன்றதற்குச் சமம். அதே லோட் டம்ப்தான். அதனால் பழைய பேட்டரியைத் தூக்கிவிட்டு அதே இடத்தில் லித்தியத்தை வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். இடையில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் டி.சி - டி.சி சார்ஜரோ, ஆல்டர்னேட்டர் பாதுகாப்புக் கருவியோ வேண்டும்.

கரையில் இருப்பவர்களுக்கும்தான்!

"நம்மகிட்ட படகு இல்லையே" என்று நகர்ந்துவிட வேண்டாம். கார், பைக், ஆட்டோ எல்லாவற்றிலும் ஓடுவது இதே மின்சாரம். சில பழக்கங்களை இன்றே கைவிடலாம்.

* இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி, "வண்டி நிக்கலை, ஆல்டர்னேட்டர் நல்லா இருக்கு" என்று சோதிக்கும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. டைனமோ காலத்துப் பழக்கம் அது. கம்ப்யூட்டர் வைத்த இன்றைய கார்களில் அதைச் செய்வது, நாமே லோட் டம்ப்பை வரவழைப்பது. மல்ட்டிமீட்டர் வைத்து அளந்தால் ஒரு நிமிட வேலை.

* கார் பேட்டரி இறங்கிவிட்டால் 24 வோல்ட் லாரியிலிருந்து ஜம்ப் ஸ்டார்ட் எடுக்காதீர்கள். 12 வோல்ட் வண்டிக்கு 12 வோல்ட் வண்டிதான் துணை. பிளஸ், மைனஸை இரண்டு முறை சரிபார்த்த பிறகே கேபிளை மாட்டுங்கள்.

* "பேட்டரி போனா என்ன, கிக்கர் இருக்கே" என்று செத்த பேட்டரியோடு பைக் ஓட்ட வேண்டாம். 2020 ஏப்ரலில் பி.எஸ் 6 விதி வந்ததிலிருந்து பெரும்பாலான பைக்குகளில் பெட்ரோல் செலுத்துவதையே ஒரு சின்ன கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. அதற்கும் அந்த பேட்டரிதான் ஏரி.

* வண்டி ஸ்டார்ட் ஆன பிறகு மொபைல் சார்ஜரைச் செருகுங்கள்.

* வண்டியிலோ படகிலோ ஆர்க் வெல்டிங் செய்ய வேண்டியிருந்தால், முதலில் பேட்டரி இணைப்பையும், முடிந்தால் எலெக்ட்ரானிக்ஸ் கருவிகளின் பிளக்கையும் கழற்றிவிடச் சொல்லுங்கள்.

* பேட்டரியைக் கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். ஸ்பேனர் தவறி பாடியில் பட்டாலும் பொறி பறக்காது.

தடைக்காலம்தான் சரியான நேரம்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். படகைக் கரையேற்றி மரவேலை, பெயின்ட், இன்ஜின் வேலை என்று பார்க்கும் நேரம். அந்தப் பட்டியலில் வயரிங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். களிம்பு ஏறிய வயரை வெட்டி ஒட்டுப் போடாமல் மாற்றுங்கள். ஈயம் பூசிய செம்புக் கம்பி உப்புக் காற்றைக் கூடுதலாகத் தாங்கும். ஜி.பி.எஸ், வயர்லெஸ்ஸுக்கான வயரை ஸ்டார்ட்டர் கேபிளோடு சேர்த்துக் கட்டாமல், கருவி பேட்டரியிலிருந்து தனியாக ஃபியூஸோடு இழுங்கள். பம்ப், ஹாரன் வயரிலிருந்து கருவிகளுக்குக் கிளை எடுக்க வேண்டாம்.

தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போகத் தொடங்கிய பிறகு, ஒவ்வொரு முறை புறப்படும்போதும் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்ட்டிமீட்டர் ஒன்று படகில் இருக்கட்டும்.

1. டெர்மினலைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் இறுக்குங்கள். வெள்ளைப் பொடி இருந்தால், இணைப்பைக் கழற்றிவிட்டு, வெந்நீரில் சமையல் சோடா கரைத்துத் துடைத்து, காய்ந்த பின் மாட்டி, மேலே வாஸ்லின் தடவுங்கள். சோடாத் தண்ணீர் பேட்டரிக்குள் போகக் கூடாது.

2. இன்ஜின் ஓடாதபோது, சார்ஜ் ஏறி ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6 அளவில் காட்ட வேண்டும். 12-க்குக் கீழே இருந்தால் கிட்டத்தட்ட காலி என்று அர்த்தம்.

3. ஸ்டார்ட் செய்யும்போது மீட்டரைப் பாருங்கள். 9.5-க்கும் கீழே விழுந்தால் பேட்டரியோ, கேபிளோ பலவீனம்.

4. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை நல்லது. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு. கருவிகளை ஆஃப் செய்துவிட்டு, கரையிலேயே சரிசெய்யுங்கள். 13-க்குக் கீழே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. (24 வோல்ட் படகுக்கு எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.)

5. தனி பேட்டரி இல்லாத படகு என்றால், முதலில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு ஜி.பி.எஸ், வயர்லெஸ், எக்கோ சவுண்டரை ஒவ்வொன்றாக ஆன் செய்யுங்கள். இன்ஜினை நிறுத்துவதற்கு முன் அவற்றை ஆஃப் செய்யுங்கள்.

இன்ஜின் வேகம் கூடும்போது விளக்கு பளிச்சென்று எரிவது, வயர்லெஸ்ஸில் இன்ஜினோடு சேர்ந்து ஒரு ரீங்காரம் கேட்பது, ஜி.பி.எஸ் காரணமில்லாமல் அணைந்து எரிவது, எல்.இ.டி விளக்குகள் அடிக்கடி போவது... இவை எல்லாம் முன்னெச்சரிக்கைகள். கருவி சாவதற்கு முன் படகு நம்மிடம் சொல்லிப் பார்க்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் செய்தாலும் கடல் கடல்தான். படகின் பேட்டரியை நம்பாத துணை ஒன்றாவது கையில் வேண்டும். பென்டார்ச் பேட்டரியில் ஓடும் கையடக்க ஜி.பி.எஸ், தனி பேட்டரி உள்ள கையடக்க வயர்லெஸ், அதற்கும் மேலே எந்த வோல்டேஜும் தேவைப்படாத திசைகாட்டி. உயிருக்கு ஆபத்து என்றால் வி.எச்.எஃப் சேனல் 16-ல் குரல் கொடுக்க வேண்டும் என்பதும் படகில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய கருவியைக் காப்பாற்ற முதலில் தேவைப்படுவது ஒரு 10 எம்.எம் ஸ்பேனர் அளவுக்கான கவனம்தான். அடுத்து ஃபியூஸ், சரியான அளவில் டையோடு, முடிந்தால் தனி பேட்டரி. உங்கள் வீட்டிலோ, தெருவிலோ கடலுக்குப் போகிறவர் இருந்தால், இந்தக் கட்டுரையை அவர் மொபைலுக்கு அனுப்புங்கள். வலை ஏற்றும் முன் டெர்மினலை ஒருமுறை ஆட்டிப் பார்க்கட்டும்!